நடுவர் எத்தனை முறை வார்னிங் கொடுப்பார்? மஞ்சள் அட்டை எப்போது வரும்? - கால்பந்து விதி சொல்வது என்ன?

2018 ஜூன் 28. ரஷ்யாவில் உலகக்கோப்பை கால்பந்து. 'ஹெச்' பிரிவின் கடைசி ஆட்டங்கள் முடிந்தபோது ஜப்பானும் செனகலும் எல்லாவற்றிலும் சமமாக நின்றன. இரண்டு அணிக்கும் தலா 4 புள்ளிகள். அடித்தது 4 கோல், வாங்கியது 4 கோல். இரண்டும் மோதிய ஆட்டமும் 2-2 என டிரா.

பிறகு எதை வைத்து முடிவு செய்தார்கள்? மஞ்சள் அட்டையை வைத்து. மூன்று ஆட்டங்களில் ஜப்பான் வாங்கியது 4 மஞ்சள் அட்டைகள். செனகல் வாங்கியது 6. அவ்வளவுதான். ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது, செனகல் வீட்டுக்குக் கிளம்பியது. உலகக்கோப்பை வரலாற்றில் 'ஃபேர் பிளே' கணக்கால் வெளியேறிய முதல் அணி அதுதான்.

அந்த 6 அட்டைகளில் இரண்டு, அட்டையாக இல்லாமல் வெறும் வாய் வார்த்தையாகப் போயிருந்தால்? இந்தக் கேள்வி ரசிகர்களுக்கு எந்த ஆட்டத்திலும் வரும். "அவனுக்கு மட்டும் வார்னிங், நமக்கு மட்டும் கார்டா?" என்று டிவி முன்னால் கத்தாத கால்பந்து ரசிகர் இருக்க முடியாது. நடுவர் எப்போது பேசி அனுப்ப வேண்டும், எப்போது பாக்கெட்டில் கை வைக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

வார்னிங் வேறு, மஞ்சள் அட்டை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்ச் செய்திகளில் "மஞ்சள் அட்டை காட்டி எச்சரிக்கப்பட்டார்" என்று எழுதுவது வழக்கம். நடுவர் கூப்பிட்டுப் பேசினாலும் "எச்சரித்தார்" என்றே எழுதுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் விதியில் இவை இரண்டும் வேறு வேறு.

மஞ்சள் அட்டை என்பது அதிகாரப்பூர்வ நடவடிக்கை. நடுவர் அதைத் தன் குறிப்பேட்டில் பதிவு செய்வார். ஆட்ட அறிக்கையில் வரும். அதே ஆட்டத்தில் இன்னொன்று வந்தால் சிவப்பு அட்டை. தொடர் முழுக்கச் சேர்ந்தால் ஆட்டத் தடையும் வரும்.

வார்னிங் அப்படியில்லை. வீரரைக் கூப்பிட்டுச் சொல்வது, கையால் 'போதும்' எனச் சைகை காட்டுவது, ஓடிக்கொண்டே "இது கடைசி" என்று சொல்லிவிட்டுப் போவது எல்லாமே வார்னிங்தான். வீரர்களைப் பொறுத்தவரை அதற்குப் பதிவும் கிடையாது, அபராதமும் கிடையாது. ஆட்டத்தைக் கட்டுக்குள் வைக்க நடுவர் கையில் இருக்கும் ஒரு கருவி, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில் பேச்சோடு முடிவதை 'வார்னிங்' என்றும், பதிவாவதை 'மஞ்சள் அட்டை' என்றும் சொல்கிறோம்.

விதியை எழுதுவது யார்?

கால்பந்தின் விதிகளை எழுதுவது ஃபிஃபா மட்டும் இல்லை. 1886-ல் தொடங்கப்பட்ட சர்வதேச கால்பந்து சங்க வாரியம் என்ற அமைப்புதான் விதிப்புத்தகத்தை வைத்திருக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து ஆகிய நான்கு சங்கங்களுக்கும் தலா ஒரு ஓட்டு, ஃபிஃபாவுக்கு 4 ஓட்டு. மொத்தம் 8-ல் 6 ஓட்டு கிடைத்தால்தான் ஒரு விதியை மாற்ற முடியும்.

அந்தப் புத்தகத்தில் மொத்தம் 17 விதிகள். அதில் 12-வது விதிதான் ஃபவுல், ஒழுங்கீனம், அட்டை பற்றியது. எதற்கெல்லாம் மஞ்சள் அட்டை என்று அதில் பட்டியலே இருக்கிறது. முக்கியமானவை இவை:

- ஆட்டம் மறுபடி தொடங்குவதைத் தாமதப்படுத்துவது
- நடுவரின் முடிவை வார்த்தையாலோ செயலாலோ எதிர்ப்பது
- அனுமதி இல்லாமல் மைதானத்துக்குள் வருவது, வேண்டுமென்றே வெளியே போவது
- ஃப்ரீ கிக், கார்னர், த்ரோ-இன் எடுக்கும்போது தள்ளி நிற்க வேண்டிய தூரத்தை மதிக்காதது
- திரும்பத் திரும்பத் தவறு செய்வது
- விளையாட்டுக்கு ஒவ்வாத நடத்தை
- வி.ஏ.ஆர். திரை இருக்கும் பகுதிக்குள் நுழைவது, 'டிவியைப் பாருங்க' என்று அளவுக்கு மீறிச் சைகை காட்டுவது

இந்தப் பட்டியலில் "முதல் முறை என்றால் மன்னிக்கலாம்" என்று எந்த வரியும் கிடையாது. அப்படின்னா எல்லாவற்றுக்கும் உடனே அட்டைதானா? இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

வார்னிங்குக்கே இடமில்லாத தவறுகள்

சில தவறுகளில் நடுவருக்குத் தேர்வே இல்லை. முதல் முறையா, பத்தாவது முறையா, முதல் நிமிடமா, கடைசி நிமிடமா என்ற கேள்வியும் இல்லை.

ஃபவுல்களை விதி மூன்று படியாகப் பிரிக்கிறது. கவனக்குறைவாக மோதினால் ஃப்ரீ கிக் மட்டும், அட்டை தேவையில்லை. எதிராளிக்கு ஆபத்து வரும் என்பதைப் பொருட்படுத்தாமல் முரட்டுத்தனமாக மோதினால் மஞ்சள் அட்டை. தேவைக்கு மீறிய பலத்தோடு எதிராளியின் உடலுக்கே ஆபத்து வரும்படி மோதினால் சிவப்பு அட்டை. இரண்டாவது படியில் இருக்கும் ஃபவுலுக்கு "முதல் தடவைதானே, பேசி அனுப்பலாம்" என்று நடுவர் நினைத்தால் அது விதிப்படி தவறு.

அதேபோல நடுவரை ஏமாற்ற வேண்டுமென்றே விழுந்து நடிப்பது, நல்ல தாக்குதல் வாய்ப்பை ஃபவுல் செய்து தடுப்பது, கோல் அடித்த சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றுவது போன்றவையும் நேராக மஞ்சள் அட்டைதான்.

சட்டை விஷயத்துக்கு 2022 கத்தார் உலகக்கோப்பை சிறந்த உதாரணம். டிசம்பர் 2-ம் தேதி பிரேசிலுக்கு எதிராக கேமரூன் கேப்டன் வின்சென்ட் அபூபக்கர் கூடுதல் நிமிடங்களில் கோல் அடித்தார். உலகக்கோப்பையில் பிரேசிலை ஓர் ஆப்பிரிக்க அணி வென்றது அதுவே முதல் முறை. சந்தோஷத்தில் அவர் சட்டையைக் கழற்றினார். ஆனால் அவர் ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார்.

நடுவர் இஸ்மாயில் எல்ஃபாத் சிரித்துக்கொண்டே வந்தார், அபூபக்கருடன் கைகுலுக்கினார், தலையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு மஞ்சள் அட்டையையும் சிவப்பு அட்டையையும் காட்டி வெளியே அனுப்பினார். மனிதராக வாழ்த்தினார், நடுவராக விதியைச் செய்தார். அங்கே வார்னிங் கொடுக்க அவருக்கு அதிகாரமே இல்லை.

2010 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் வெற்றி கோல் அடித்த ஸ்பெயினின் இனியஸ்டாவுக்கும் இதே கதைதான். இறந்துபோன நண்பரும் சக வீரருமான டேனி ஹார்கேவின் பெயரை உள்சட்டையில் எழுதியிருந்த அவர், அதைக் காட்ட ஜெர்சியைக் கழற்றினார். காரணம் எதுவாக இருந்தாலும் மஞ்சள் அட்டை வந்தது.

பந்தை உதைத்ததற்கு வெளியேற்றமா?

2024-ல் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் பெரிய சர்ச்சை ஒன்று வெடித்தது. ஆகஸ்ட் 31 அன்று பிரைட்டனுக்கு எதிரான ஆட்டத்தில், எதிரணி ஃப்ரீ கிக் எடுக்க வந்தபோது ஆர்சனலின் டெக்லன் ரைஸ் பந்தை லேசாகத் தட்டிவிட்டார். ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதாக இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியேற்றம். மூன்று வாரம் கழித்து செப்டம்பர் 22 அன்று மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக அதே அணியின் ட்ரோசார்ட், விசில் அடித்த பிறகு பந்தை உதைத்துத் தள்ளியதால் அதேபோல வெளியேற்றப்பட்டார்.

"இதுக்கெல்லாம் ஒரு வார்னிங் கொடுத்திருக்கலாமே" என்பதுதான் ஆர்சனல் ரசிகர்களின் ஆதங்கம். விதியைப் பார்த்தால் நடுவர் செய்தது சரி. தாமதப்படுத்தினால் மஞ்சள் அட்டை என்று தெளிவாக இருக்கிறது, வீரரிடம் ஏற்கெனவே அட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை.

ஆனால் ரசிகர்களின் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அந்த பிரைட்டன் ஆட்டத்திலேயே எதிரணியின் ஜோவோ பெட்ரோவும் முன்னதாகப் பந்தை உதைத்துத் தள்ளியிருந்தார், அவருக்கு அட்டை வரவில்லை. நடுவரின் கண்டிப்பைவிட, ஒருவரிடம் மட்டும் கண்டிப்பு காட்டியதாகத் தோன்றியதுதான் பிரச்சினை ஆனது.

முதலில் வார்னிங், பிறகு அட்டை: விதியே சொல்லும் இடங்கள்

வீரர்களின் சில தவறுகளில் "முதலில் வார்னிங் கொடு, மீண்டும் செய்தால் அட்டை காட்டு" என்று விதிப்புத்தகமே வழிகாட்டுகிறது.

1. கார்னர் கிக்கின்போது இழுபறி

கார்னர் எடுக்கும் முன் கோல் முன்னால் சட்டையைப் பிடிப்பது, கட்டிப்பிடிப்பது, தள்ளுவது எல்லாம் நடக்கும். ஆனால் பந்தை உதைக்கும்வரை அது 'ஆட்டத்தில்' இல்லை. பந்து ஆட்டத்தில் இல்லாதபோது நடக்கும் இழுபறிக்குப் பெனால்டியோ ஃப்ரீ கிக்கோ கொடுக்க முடியாது.

அதனால்தான் நடுவர் கார்னரை நிறுத்திவிட்டு இருவரையும் கூப்பிட்டுப் பேசுகிறார். வழிகாட்டுதல் இப்படி: பந்து உதைக்கப்படும் முன் வார்னிங். அதன் பிறகும், பந்து உதைக்கப்படும் முன்பே இழுபறி தொடர்ந்தால் மஞ்சள் அட்டை. பந்து ஆட்டத்துக்கு வந்த பிறகு செய்தால் ஃப்ரீ கிக் அல்லது பெனால்டி, அதோடு மஞ்சள் அட்டை.

2. பெனால்டியில் கோட்டைத் தாண்டும் கோல்கீப்பர்

இந்த விதிக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது. 2019 மகளிர் உலகக்கோப்பை, ஜூன் 19, பாரிஸ். அர்ஜென்டினாவுக்கு எதிராக 3-0 என முன்னிலையில் இருந்த ஸ்காட்லாந்து, கடைசி கட்டத்தில் 3-2 என்ற நிலைக்கு வந்தது. கூடுதல் நிமிடங்களில் அர்ஜென்டினாவுக்குப் பெனால்டி. ஸ்காட்லாந்து கோல்கீப்பர் லீ அலெக்ஸாண்டர் அதைத் தடுத்துவிட்டார்!

ஆனால் பந்தை உதைக்கும் முன்பே அவர் கோட்டைவிட்டு முன்னால் வந்துவிட்டதாக வி.ஏ.ஆர். சொன்னது. மறுபடி உதை, கோல். ஆட்டம் 3-3, ஸ்காட்லாந்து வெளியே. போதாக்குறைக்கு அலெக்ஸாண்டருக்கு மஞ்சள் அட்டையும் வந்தது. அப்போது விதி அப்படித்தான் இருந்தது.

அந்தத் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பயம் எழுந்தது. நாக் அவுட் ஆட்டத்தில் பெனால்டி ஷூட் அவுட் வந்து, ஒரு கோல்கீப்பர் இரண்டு முறை இப்படிச் செய்தால்? இரண்டு மஞ்சள், ஒரு சிவப்பு. ஷூட் அவுட்டில் வெளியேற்றப்பட்ட கோல்கீப்பருக்கு மாற்று வீரரை இறக்க முடியாது. களத்தில் இருக்கும் வேறு ஒரு வீரர்தான் கையுறையைப் போட வேண்டும். அதனால் அந்தத் தொடரின் ஷூட் அவுட்களில் மட்டும் இந்தத் தவறுக்கு மஞ்சள் அட்டை வேண்டாம் என்று அவசரமாகத் தளர்வு கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு, 2020-21 விதிப்புத்தகத்தில் நிரந்தரமாகவே மாற்றினார்கள். இப்போது கோல்கீப்பரின் தவறால் பெனால்டி மறுபடி எடுக்கப்பட்டால், முதல் முறை வார்னிங். அதே ஆட்டத்தில் மறுபடி செய்தால் மஞ்சள் அட்டை. 'முதலில் வார்னிங்' என்று வீரருக்கு விதியே உறுதி கொடுக்கும் அரிய இடம் இது.

3. பெஞ்சில் இருக்கும் பயிற்சியாளர்கள்

2019-20 முதல் பயிற்சியாளர்களுக்கும் அணி அலுவலர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் உண்டு. அவர்களுக்கு மட்டும் விதிப்புத்தகத்தில் மூன்று பட்டியல்: வார்னிங், மஞ்சள், சிவப்பு.

தங்களுக்கான எல்லைக்கோட்டை எப்போதாவது தாண்டுவது, நடுவரின் முடிவை லேசாக மறுத்துப் பேசுவது, மரியாதையோடு மைதானத்துக்குள் காலை வைப்பது போன்றவைக்கு வார்னிங். எல்லையைத் திரும்பத் திரும்ப மீறினால், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தால், நடுவரைக் கிண்டலாகக் கைதட்டினால் மஞ்சள் அட்டை. வார்னிங் கொடுத்த தவறையே திரும்பத் திரும்பச் செய்தாலும் மஞ்சள் அட்டைதான்.

பெஞ்சில் யார் கத்தினார்கள் என்று தெரியவில்லையா? அங்கே இருக்கும் தலைமைப் பயிற்சியாளருக்குத்தான் அட்டை.

'தொடர் ஃபவுல்'... எத்தனை முறை செய்தால் அட்டை?

ரசிகர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். மூன்றா? நான்கா? ஐந்தா?

விதியின் பதில்: எண்ணிக்கை கிடையாது. திரும்பத் திரும்பத் தவறு செய்தால் மஞ்சள் அட்டை என்று சொல்லும் அதே விதி, எத்தனை முறை, எந்த வகையில் என்ற கணக்கு எதுவும் இல்லை என்றும் சொல்கிறது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

காரணம் எளிது. 'ஐந்தாவது ஃபவுலுக்கு அட்டை' என்று எழுதினால் என்ன ஆகும்? எல்லா டிஃபெண்டருக்கும் நான்கு ஃபவுல் இலவசம் என்று அர்த்தமாகிவிடும்.

அதனால் நடுவர் எண்ணிக்கையோடு வேறு சிலவற்றையும் பார்ப்பார். 90 நிமிடத்தில் பரவலாக நடந்த நான்கு சின்ன ஃபவுல் ஒரு கதை, 10 நிமிடத்துக்குள் நடந்த மூன்று ஃபவுல் வேறு கதை. ஒரே வீரரைக் குறிவைத்தால், எதிரணி வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் கணுக்காலைத் தட்டிவிட்டால், ஏற்கெனவே சொன்ன பிறகும் செய்தால் பொறுமை சீக்கிரம் தீரும்.

நடுவர் அட்டையைத் தூக்கிய கையோடு மைதானத்தில் "அங்கே, அங்கே, இங்கே" என்று மூன்று நான்கு இடங்களைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது தொடர் ஃபவுலுக்கான அட்டை. "இந்த ஒரு ஃபவுலுக்கு இல்லப்பா, இதுவரை செய்த எல்லாவற்றுக்கும் சேர்த்து" என்று மொத்த மைதானத்துக்கும் சொல்லும் சைகை அது.

நல்ல வார்னிங் எப்படி இருக்க வேண்டும்?

இங்கிலாந்து கால்பந்து சங்கம் நடுவர்களுக்கு 'படிப்படியான அணுகுமுறை' ஒன்றைச் சொல்லித்தருகிறது. முதலில் ஃபவுலை மட்டும் ஊதுவது. அடுத்து எல்லோருக்கும் தெரியும்படி வீரரைத் தனியே கூப்பிட்டுக் கண்டிப்பது. அதற்கும் மேல் அணித் தலைவரையும் பக்கத்தில் வைத்துப் பேசுவது. அதற்குப் பிறகும் அடங்காவிட்டால் அட்டை.

இதில் 'எல்லோருக்கும் தெரியும்படி' என்பது முக்கியம். காதோடு சொன்ன வார்னிங் அந்த வீரருக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டத்தை நிறுத்தி, கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னது எதிரணிக்கும், பெஞ்சுக்கும், கேலரிக்கும் தெரியும். அடுத்த தவறுக்கு அட்டை வரும்போது "திடீர்னு ஏன்?" என்று யாரும் கேட்க முடியாது.

அதே வார்னிங் நடுவரையும் கட்டிப்போடுகிறது. "இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டு, அடுத்த தவறுக்கும் "இதுதான் கடைசி" என்றே சொன்னால், மூன்றாவது முறை எந்த வீரரும் அதை மதிக்க மாட்டார். ஒரு வீரருக்குக் கடைசி வார்னிங் கொடுத்துவிட்டால், அடுத்து அதே தவறு வந்தால் அட்டை வந்தே ஆக வேண்டும். வராது என்று நினைத்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லவே கூடாது.

வார்னிங் என்பது அட்டை காட்டுவதற்கு முன் கட்டாயம் தாண்ட வேண்டிய படியும் இல்லை. "எனக்கு வார்னிங்கே தரலையே" என்ற வாதம் எந்த வீரருக்கும் உதவாது. முதல் நிமிடத்திலேயே முரட்டு ஃபவுல் செய்தால் முதல் நிமிடத்திலேயே அட்டைதான். "ஆட்டம் இப்போதான் ஆரம்பிச்சிருக்கு" என்பது விதியில் இல்லாத சலுகை.

நடுவரைச் சுற்றி நின்று கத்தினால்?

ஏமாற்றத்தில் கையை விரிப்பது மனித இயல்பு. அதற்கெல்லாம் அட்டை காட்டினால் ஆட்டம் முடியும்போது மைதானத்தில் ஆளே இருக்காது. ஆனால் நடுவரை நோக்கி ஓடுவது, முகத்துக்கு நேராகக் கத்துவது, பந்தைக் கோபத்தில் தரையில் அடிப்பது எல்லாம் எதிர்ப்புதான். மஞ்சள் அட்டை வரும். அதுவே வசவாக, அவமானப்படுத்துவதாக மாறினால் நேரடி சிவப்பு.

2024 யூரோ கோப்பையில் யூஃபா ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முடிவு பற்றிக் கேட்க அணித் தலைவர் மட்டுமே நடுவரிடம் வரலாம், மற்றவர்கள் சூழ்ந்தால் மஞ்சள் அட்டை. 'கேப்டன் மட்டும்' என்ற இந்த முறை 2025-26 விதிப்புத்தகத்திலும் இடம்பிடித்தது.

இங்கிலாந்தின் உள்ளூர் கால்பந்தில் இன்னொரு வழி. 2019-20 முதல் அங்கே எதிர்த்துப் பேசினால் மஞ்சள் அட்டையோடு 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். பேசிப் பேசியே அலுத்துப்போன உள்ளூர் நடுவர்களுக்கு, வார்னிங்குக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவே கிடைத்த ஒரு படி அது.

ஏற்கெனவே அட்டை வாங்கியவருக்குச் சலுகை உண்டா?

விதிப்படி இல்லை. மஞ்சள் அட்டைக்குரிய தவறு என்றால், அது முதலாவதா இரண்டாவதா என்று பார்க்கக் கூடாது. ஒருவர் அடுத்தடுத்து இரண்டு தனித்தனித் தவறுகள் செய்தால் இரண்டு அட்டைகளும் காட்ட வேண்டும். உதாரணமாக, அனுமதி இல்லாமல் மைதானத்துக்குள் வந்து உடனே முரட்டு ஃபவுல் செய்தால் இரண்டு மஞ்சள், ஒரு சிவப்பு.

நடைமுறையில் என்ன நடக்கிறது? எல்லைக்கோட்டில் இருக்கும் ஒரு ஃபவுலுக்கு, அட்டை இல்லாதவர் என்றால் அட்டை, அட்டை இருப்பவர் என்றால் ஒரு கடைசி வார்னிங் என்று நடுவர் போவதைப் பார்க்கிறோம். பெஞ்சில் இருக்கும் பயிற்சியாளர் அந்தச் சைகையைப் புரிந்துகொண்டு, உடனே அந்த வீரரை மாற்றிவிடுவதும் உண்டு.

பெனால்டி ஷூட் அவுட்டுக்கு மட்டும் தனி விதி. ஆட்டத்தில் கொடுத்த வார்னிங்கும் மஞ்சள் அட்டையும் ஷூட் அவுட்டுக்குச் சேராது. 2024 ஏப்ரல் 18 அன்று கான்ஃபரன்ஸ் லீக் காலிறுதியில் ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ், லில் அணிக்கு எதிராக ஆட்டத்தில் ஒரு மஞ்சள், ஷூட் அவுட்டில் ஒரு மஞ்சள் வாங்கினார். வெளியேற்றப்படவில்லை. அரங்கமே குழம்பியது. விதி அப்படித்தான். அந்த ஷூட் அவுட்டில் வென்றதும் அவர் அணிதான்.

அட்டையை எந்த நேரத்தில் காட்ட வேண்டும்?

ஃபவுல் நடந்தும் எதிரணிக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று நடுவர் ஆட்டத்தைத் தொடர விடலாம். அப்போது அட்டை ரத்து ஆகிவிடாது. பந்து அடுத்து எப்போது நிற்கிறதோ அப்போது வந்து காட்டுவார். ஒரு விதிவிலக்கு: நல்ல தாக்குதலைத் தடுத்ததற்கான மஞ்சள் என்றால், தாக்குதல்தான் தொடர்ந்துவிட்டதே என்பதால் அட்டை வராது.

ஃபவுல் ஊதி, அட்டை காட்டும் வேலையை நடுவர் தொடங்கிவிட்டால், அது முடியும்வரை ஆட்டம் தொடங்கக் கூடாது. அவர் தொடங்கும் முன், பாதிக்கப்பட்ட அணி சட்டென்று ஃப்ரீ கிக் எடுத்துத் தெளிவான கோல் வாய்ப்பு உருவானால் மட்டும் விடலாம். அப்புறம் பந்து நின்றதும் அட்டை வரும்.

'நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டாரா, விட்டுவிட்டாரா' என்ற இந்தக் குழப்பம் எவ்வளவு பெரிதாகும் என்பதை இந்திய ரசிகர்கள் 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் பார்த்தார்கள். ஐ.எஸ்.எல். நாக் அவுட் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவரை அமைப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்துக் கோலாக்கினார். கோல் செல்லும் என்றார் நடுவர். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியையே வெளியே கூட்டிக்கொண்டு போனார். முடிவு: பெங்களூருவுக்கு வெற்றி, பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை.

இந்த அட்டைகளே எப்படி வந்தன?

வார்னிங் கொடுத்தாரா, நடவடிக்கை எடுத்தாரா என்று தெரியாத குழப்பத்திலிருந்துதான் அட்டையே பிறந்தது.

1966 உலகக்கோப்பை காலிறுதி. வெம்ப்ளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும். ஜெர்மன் நடுவர் ருடால்ஃப் க்ரைட்லைன், அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை வெளியேற்றினார். இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஜெர்மன் தெரியாது. ராட்டின் பல நிமிடம் மைதானத்தைவிட்டுப் போக மறுத்தார். அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் நடுவரின் குறிப்பேட்டில் ஏறியிருந்தார்கள். அது ஆட்டம் முடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

அந்தத் தொடரின் நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டன், லண்டனில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது டிராஃபிக் சிக்னலைப் பார்த்தார். மஞ்சள் என்றால் 'பார்த்துப் போ', சிவப்பு என்றால் 'நில்'. எந்த மொழிக்காரருக்கும் புரியும். 1970 மெக்சிகோ உலகக்கோப்பையில் அட்டைகள் அறிமுகமாயின. உலகக்கோப்பையின் முதல் சிவப்பு அட்டை 1974-ல் சிலியின் கார்லோஸ் காசெலிக்குக் காட்டப்பட்டது.

நடுவர் தப்பாக எழுதிவிட்டால்?

அட்டை வந்த பிறகும் மனிதத் தவறு நிற்கவில்லை. 2006 உலகக்கோப்பையில் இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போல், குரோஷியாவின் ஷிமுனிச்சுக்கு ஒரே ஆட்டத்தில் மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டாவதிலேயே அனுப்பியிருக்க வேண்டும், குறிப்பேட்டில் பெயரை மாற்றி எழுதிவிட்டார். அந்த ஆட்டத்தோடு அவரது உலகக்கோப்பைப் பயணமும் முடிந்தது.

மூன்று நாள் கழித்து போர்ச்சுகல் - நெதர்லாந்து ஆட்டத்தில் 16 மஞ்சள், 4 சிவப்பு. அத்தனை அட்டை காட்டியும் ஆட்டம் கட்டுக்குள் வரவில்லை. அட்டை மட்டும் போதாது, வார்னிங்கும் சரியான நேரத்தில் வேண்டும் என்பதற்கு அந்த ஆட்டத்தைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

பொதுவாக ஒரு மஞ்சள் அட்டை சரியா, தவறா என்று வி.ஏ.ஆர். பார்ப்பதில்லை. ஆள் மாறாட்டம் என்றால் திருத்தும். அதனால் 'வார்னிங்கா, அட்டையா' என்ற முடிவு இன்றும் பெரும்பாலும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் கையில்தான்.

சுருக்கமாக...

- முரட்டு ஃபவுல், நடிப்பு, சட்டை கழற்றல், தாமதப்படுத்தல்: வார்னிங் தேவையில்லை, நேராக மஞ்சள் அட்டை.
- கார்னருக்கு முன் இழுபறி, பெனால்டியில் கோட்டைத் தாண்டும் கோல்கீப்பர், பயிற்சியாளரின் சின்ன மீறல்: முதலில் வார்னிங், மறுபடி செய்தால் மஞ்சள் அட்டை.
- சின்னச் சின்ன ஃபவுல்: எண்ணிக்கை கிடையாது, நடுவரின் கணிப்பு. வார்னிங் கொடுத்த பிறகும் செய்தால் அட்டை.
- கடைசி வார்னிங் என்று சொல்லிவிட்டால், அடுத்தது அட்டையாகத்தான் இருக்க வேண்டும்.
- ஏற்கெனவே அட்டை வாங்கியவர் என்பதற்காக விதியில் சலுகை இல்லை.
- ஆட்டத்தில் வாங்கிய வார்னிங்கும் மஞ்சள் அட்டையும் ஷூட் அவுட்டுக்குச் சேராது.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது அட்டை தூக்கும் கையை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் அதே வீரரைக் கூப்பிட்டு நடுவர் ஏதாவது சொன்னாரா என்று கவனியுங்கள். பல நேரம் அந்த அட்டைக்கான காரணம் அங்கேயே இருக்கும்.